ஆமென் வரும்வரை

அன்புள்ள கிருபா,

நான் உனக்குக் கடிதம் எழுதிப் பழகியவன் இல்லை. நீ திருப்பதிக்கு வேலைக்குப் போய் ஏழு வருஷமாகிறது. இந்த ஏழு வருஷத்தில் போனில் நான் உன்னிடம் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா, எந்த பஸ்ஸில் வருகிறாய் என்பதைத் தாண்டியதில்லை. அதற்கு மேல் பேச வேண்டிய விஷயம் வந்தால் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். இப்போது அறுபத்தெட்டு வயதாகிறது. எழுத்து கோணலாகப் போகிறது, ஒரு பக்கம் எழுதினால் அரை மணி நேரம் படுக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் இதைப் போனில் சொல்ல என்னால் முடியாது. போனில் சொன்னால் பாதியிலேயே நீ 'பரவால்ல நைனா, வுடு' என்று சொல்லிவிடுவாய். நீ அப்படிச் சொல்கிற பிள்ளை. நானும் அதையே சாக்காக வைத்து அங்கேயே நிறுத்திக்கொள்வேன். ஆகவேதான், நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாதபடி எழுதுகிறேன்.

போன வாரம் மெர்சி எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். அடுத்த மாதம் மருமகளாக வரப்போகிற பெண் மாமனாருக்கு அனுப்புகிற முதல் வீடியோ, பார்க்காமல் இருக்க முடியுமா? 'மாமா, உங்க புள்ள கிளாஸ் எடுக்கறதப் பாருங்க' என்று கீழே எழுதியிருந்தாள். உன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தீ விபத்தைப் பற்றி வகுப்பு. நீ மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பாதி தெலுங்கும் பாதி இங்கிலீஷுமாகப் பேசிக்கொண்டு, பலகையில் ஒரு முக்கோணம் வரைகிறாய். எரிவதற்கு ஒரு பொருள், அது எரியக் காற்று, பற்றிக்கொள்ளச் சூடு. மூன்றில் ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டால் தீ இல்லை என்கிறாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். முப்பத்து நாலு வருஷம் காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் அட்டெண்டராக இருந்தவன் நான். லெக்சரர்கள் அதே முக்கோணத்தை வரைவதை பீக்கர் கழுவிக்கொண்டே பார்த்தவன். என் பிள்ளை அதைப் பலகையில் வரைகிறான், ஐம்பது பேர் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகுதான் நீ அந்தக் கதையைச் சொன்னாய்.

எட்டு வயதில் சர்ச்சில் ஹைட்ரஜன் பலூன் கொத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய், ஒரு நொடி கவனம் தப்பியது, அதில் ஒரு டீச்சரம்மாவின் இரண்டு கையும் வெந்து போனது என்றாய். "தப்பு நாதே" என்று தெலுங்கில் சொன்னாய். தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். நான் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன்.

கிருபா, தப்பு உன்னுடையது இல்லை. என்னுடையது. இருபத்து மூன்று வருஷமாக எனக்கு அது தெரியும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை. நீயும் மெர்சியும் வருகிற சனிக்கிழமை எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போய், கல்யாணத்துக்கு முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரப் போகிறீர்கள் என்று அவள்தான் போனில் சொன்னாள். சனிக்கிழமைக்குள் இது உன் கையில் கிடைத்தாக வேண்டும். மெர்சியும் படிக்கட்டும். உன் தலையில் அந்தப் பழியைச் சபைக்கு நடுவில் வைத்தார்கள், அதனால் இதை மூடிய உறைக்குள் வைக்க எனக்கு மனமில்லை. நீ சரி என்றால் சபைப் பத்திரிகைக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுவேன்.

உன் அம்மாவிடம் திங்கட்கிழமைதான் சொன்னேன். அவள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். புதன்கிழமை மத்தியானம் சோற்றைப் போட்டு என் முன்னால் தள்ளிவிட்டு, "துன்னு. துன்னுட்டு உக்காந்து எழுது. எழுதி முடிக்காம எழுந்திரிச்சின்னா நானே போன் போட்டுச் சொல்லிடுவேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து இந்தப் பேப்பரை எடுத்தேன்.

உனக்கு ஆறு வயதிருக்கும்போது கரண்ட் போனால் உனக்குக் குஷி. மெழுகுவர்த்தி வித்தையை எடு நைனா என்பாய். எரிகிற மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பேன். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை நூல் எழும்பும். அந்தப் புகையில், திரியைத் தொடாமல் நாலு விரல்கடை மேலேயே தீக்குச்சியைக் காட்டினால், சுடர் புகை வழியாக ஓடி இறங்கித் திரியில் உட்காரும். நீ கை தட்டுவாய். மெழுகு அப்படியே எரிவதில்லை, உருகி ஆவியாகிறதே அந்த ஆவிதான் எரிகிறது, விறகும் அப்படித்தான், சூடு பட்டு விறகு விடுகிற ஆவிதான் சுடராக எரிகிறது என்று சொல்வேன். நீ எங்கே கேட்டாய்? இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஒரு முழு மெழுகுவர்த்தியையும் தீர்த்துவிடுவாய். நெருப்பைக் கண்டு பயப்படாத பிள்ளையாகத்தான் உன்னை வளர்த்தேன். எட்டு வயதுக்குப் பிறகு நீ ஒரு தீக்குச்சிகூட உரசியதில்லை. இப்போதும் ரூமில் கரண்ட் அடுப்புதான் வைத்திருக்கிறாய் என்று மெர்சி கேலி செய்கிறாள். இதுவும் அந்த விபத்தால்தான் என்று அவளுக்குத் தெரியாது. உனக்கும் சரியான காரணம் தெரியாது.

அந்த வருஷம் சபை ஆண்டுவிழாவுக்குப் பலூன் விடலாம் என்று சொன்னது அப்போதிருந்த போதகர். எங்கோ ஊரில் பார்த்துவிட்டு வந்திருந்தார். காம்பவுண்டில் திறந்த வெளியில் ஆராதனை. மேஜையில் நாலு பெரிய மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அவர் ஜெபம் செய்வார். ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொல்லும்போது, வசனம் எழுதிய துணியைத் தூக்கிக்கொண்டு பலூன் கொத்து மேலே போக வேண்டும். சித்தூரில் கேஸ் பலூன்காரன் ஜாத்திரைத் திருவிழாவுக்குத்தான் வருவான், என்ன செய்வது என்று கமிட்டியில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்று, கேஸ் நான் தயார் பண்ணித் தருகிறேன் என்றேன். அதுவரை கமிட்டியில் நான் வாயைத் திறந்ததில்லை. எங்கள் நைனா மாந்தோப்பில் காவல் இருந்தவர். நம் சபையில் முன்வரிசை நாற்காலி டீச்சர்களுக்கும் நர்சுகளுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும்தான். அப்படி எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் யாருக்கும் தெரியாமலும் இல்லை. நாம் எப்போதும் தூணுக்குப் பின்னால்தான். போதகர் என் தோளில் தட்டி, நம்ம சபைக்கு ஒரு விஞ்ஞானி இருக்கிறாரே என்றார். அந்த ஒரு வார்த்தை என்னைக் கெடுத்தது.

லேபிலிருந்து துத்தநாகமும் ஆசிட்டும் யாரையும் கேட்காமல் எடுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நம் கொல்லையில் உட்கார்ந்து வாயுவைப் பிடிக்க ஆரம்பித்தேன். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பாட்டிலுக்குள் முதலில் இருப்பது வெறும் காற்று. ஹைட்ரஜன் கிளம்பியதும் அந்தக் காற்றைத்தான் முதலில் வெளியே தள்ளும். அதனால் ஆரம்பத்தில் வருவதை வீணாக விட்டுவிட வேண்டும். பிறகு ஒரு சின்னக் குழாயில் கொஞ்சம் பிடித்து, தூரமாக எடுத்துப்போய் நெருப்பைக் காட்டிப் பார்க்க வேண்டும். டப் என்று சத்தம் வந்தால் காற்று கலந்திருக்கிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் எரிந்தால் சுத்தம். பிள்ளைகளின் பிராக்டிகலுக்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்து பார்த்துச் சரி என்று சொல்வது அட்டெண்டர் வேலை, அதாவது என் வேலை. அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நான் அதை விட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை விட்டேன். பலூன் பாதிகூட ஆகவில்லை, அதற்குள் சர்ச்சில் முதல் மணி அடித்துவிட்டது. ஒவ்வொரு தடவை பாட்டிலைத் திறந்து மறுபடி துத்தநாகம் போடும்போதும் காற்று உள்ளே போகும். ஒவ்வொரு தடவையும் காத்திருந்தால் ஆராதனை தொடங்கிவிடும். விஞ்ஞானி தாமதமாக வரலாமா? வந்ததை வந்தபடி எல்லாப் பலூனிலும் பிடித்து, முடிச்சுப் போட்டு, கொத்தாகக் கட்டினேன்.

காற்று கலந்தால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதே வீடியோவில் நீயே சொல்கிறாய். மக்காச்சோள மாவைக் குவித்து வைத்து நெருப்பு வைத்தால் மேலே கருகும், அதையே காற்றில் தூவிவிட்டு வைத்தால் கட்டடமே போகும் என்கிறாய். வாயுவும் அப்படித்தான். தனியாக இருந்தால், வெளிக்காற்றைத் தொடுகிற ஓரத்தில் மட்டும்தான் எரிய முடியும். உள்ளே இருப்பது தன் முறை வரும்வரை நிற்க வேண்டும். முன்கூட்டியே காற்றைக் கலந்து வைத்துவிட்டால் நிற்க வேண்டியது எதுவும் இல்லை, ஒவ்வொரு துளிக்கும் வேண்டிய காற்று பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு மூலையில் பட்ட பொறி மறு மூலைக்குப் போக நாம் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. எரிவதற்கும் வெடிப்பதற்கும் முக்கால்வாசி வித்தியாசம் இவ்வளவுதான். நான் அன்றைக்குக் கொல்லையில் உட்கார்ந்து கட்டியது பலூன் இல்லை.

இன்னொன்றும் உண்டு, அதுதான் உனக்கு முக்கியம். காற்று கலந்த பலூனுக்குத் தூக்குகிற பலம் குறைவு. போதாததற்கு ரப்பர் வழியாக ஹைட்ரஜன் கசிந்துகொண்டே இருக்கும், நேரம் ஆக ஆகப் பலூன் சோரும். ஆராதனை அன்று நீண்டுகொண்டே போனது. வந்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். கடைசி ஜெபத்துக்குள் கொத்து உன் தலைக்கு மேலே சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துணியைத் தூக்கவே அதற்கு மூச்சு போதவில்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் பெயரைச் சொல்லி உட்கார வைத்திருந்தார்கள். நீ மேஜைக்கு இந்தப் பக்கம் வெள்ளைச் சட்டையில் கயிற்றைப் பிடித்து நின்றாய், நான் நிறுத்திய இடத்தில். அந்தப் பக்கம் கீபோர்டுக்கு முன்னால் எஸ்தர் டீச்சர். எல்லோரும் எழுந்து நிற்காமலேயே கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன், ஆனால் மனசு பலூனில் இருந்ததால் திறந்து பார்த்தேன்.

காற்று திரும்பியிருந்தது. கொத்து மேஜைப் பக்கம் சாய்ந்திருந்தது. அடியில் தொங்கிய பலூனுக்கும் கடைசி மெழுகுவர்த்திச் சுடருக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு ஜாணாகிவிட்டது. நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். இரண்டு எட்டு எடுத்து வைத்தால் போதும், உன்னைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கலாம். ஊதி அணைத்திருக்கலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தியிருக்கலாம். நம் ஆட்களுக்குத் தெரியும், ஜெபத்தின் நடுவில் யாரும் அசைவதில்லை. இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வோம், அழுகிற குழந்தையை வெளியே தூக்கிப் போவோம். போதகரின் குரல் இறங்கியிருந்தது. இன்னும் ஒரு வரிதான், அடுத்தது ஆமென், ஆமென் சொன்னதும் எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். முதல் தடவையாக முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள், ஜெபத்தைக் கெடுத்தவன் என்று பெயர் வாங்க வேண்டாம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துப் போதகருக்கு நோயாளிகள் நினைவுக்கு வந்தார்கள். ஒவ்வொருவர் பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நெருப்பு ஒரு நொடிதான். ஆனால் வசனம் எழுதிய அந்த நைலான் துணி பற்றிக்கொண்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் பறந்து விழுந்து உருகி, டீச்சரின் கையோடு ஒட்டிக்கொண்டது. உன் புருவமும் முன் முடியும் கருகியது, நாலைந்து நாளைக்குக் காது கேட்கவில்லை. டீச்சர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். வலது கை விரல்கள் மறுபடி விரியவே இல்லை. அதற்கப்புறம் நம் சபையில் அவர் வாசித்து யாரும் கேட்டதில்லை.

அங்கே எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: கயிற்றை யார் பிடித்துக்கொண்டிருந்தது? நீ என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "நைனா, கை வலிச்சுது, நான் இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திக்கினேன். அப்பதான் வெடிச்சுது" என்று அழுதாய். பக்கத்தில் இருந்தவர்கள் காதில் விழுந்தது. அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்திலிருந்து போதகர், பிள்ளை தெரியாமல் செய்தது, சபை அதை மன்னித்துவிட்டது என்று சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நீ என் மடியில் உட்கார்ந்திருந்தாய். உன் முதுகு நடுங்கியது என் நெஞ்சில் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஆசிட் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், காலேஜில் வேலை போகும். அந்தப் பயம் உண்மைதான். ஆனால் ஒரு இரண்டு வருஷத்துக்கு அது காரணம் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு பயம்கூட இல்லை. சொல்லாமல் இருப்பது பழகிவிட்டது. நான் ரிட்டயர் ஆகியே பத்து வருஷமாகிறது, இனி எந்த வேலை போகப் போகிறது?

இப்போது நீயே யோசித்துப் பார். நீ கயிற்றை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒழுங்காக நிரப்பிய பலூன் என்றால் மேலே போயிருக்கும், மெழுகுவர்த்தியை விட்டுத் தூரமாக. கை மாற்றும்போது கயிறு ஒரு அடி நழுவியிருந்தால், அது ஒரு அடி மேலேதான் போயிருக்கும். கேஸ் பலூன் எதற்காகக் கீழே இருக்கிற சுடரைத் தேடிக்கொண்டு இறங்கி வருகிறது? கட்டியவன் சரியாகக் கட்டவில்லை என்பதால்தான். தொழிற்சாலையில் ஒரு பைப் கசிந்தால் பத்துக் கேள்வி கேட்கிற நீ, சமையல் வாயு காற்றைவிடக் கனம், தரையில் படரும், ஹைட்ரஜன் லேசு, கூரைக்கு ஏறும் என்று புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நீ, இந்த ஒரு கேள்வியை உன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. எட்டு வயதில் ஒத்துக்கொண்டதை முப்பத்தொரு வயது வரைக்கும் நீ திரும்பிப் பார்க்கவே இல்லை. அதைப் பார்க்கவிடாமல் செய்தது நான். அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.

சொல்லச் சந்தர்ப்பம் இல்லாமல் இல்லை. நீ பத்தாவது படிக்கும்போது பாலசமுத்திரத்தில் உன் மாமாவின் வைக்கோல் போர் எரிந்துபோனதே, நாம் இரண்டு பேரும் பார்க்கப் போனோம். மாமா பக்கத்து நிலத்துக்காரன்தான் பற்றவைத்தான் என்று குதித்துக்கொண்டிருந்தார், போலீசுக்குப் போகப் பார்த்தார். நான் மிச்சமிருந்த போருக்குள் அவர் கையை விடச் சொன்னேன். உள்ளே அடுப்பு மாதிரி சுட்டது. ஈரத்தோடு போர் போட்டால் உள்ளே அது புழுங்கும், புழுங்கினால் சூடாகும், அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகவே பற்றிக்கொள்ளும், இதில் யார் மேலும் தப்பில்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். அந்த மனிதன் மேல் இருந்த பழி போனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். 'நீ சொல்லலன்னா அவர் மாட்டிக்கினு இருப்பார் இல்ல நைனா' என்றாய். ஊர் பேர் தெரியாத ஒருவனுக்காக அவ்வளவு பேசியவன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வடைச் சட்டி பற்றிக்கொண்ட நாளையும் நினைத்துப் பார்க்கிறேன். எண்ணெய் குப்பென்று எரிந்தது. அம்மா அலறினாள். லேபில் வேலை பார்த்த நான் பதற்றத்தில் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவிட்டேன். எரிகிற எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் அடிக்குப் போய் ஆவியாக வெடித்து எண்ணெயை முகத்தில் அடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். "தண்ணி ஊத்தாத நைனா" என்று நீ கத்திய கத்தில்தான் என் கை நின்றது. நீ அடுப்பை அணைத்துத் தட்டை எடுத்து மூடினாய், காற்றில்லாமல் தீ அடங்கியது. உனக்கு அப்போது பதினாலு வயது. பெற்றவனைப் பார்த்துக் கத்தலாமா என்று நீ யோசிக்கவில்லை. கத்தத் தெரிந்தவன் நீ. உட்கார்ந்திருந்தவன் நான். மெர்சியோடு வாழப் போகிற உனக்கு ஏதாவது புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறது என்றால் இது ஒன்றைத்தான் சொல்வேன்: கண்ணில் பட்டதை அந்த நொடியே சொல்லிவிடு, பேச்சு முடியட்டும் என்று பார்க்காதே.

நேற்றுச் சாயங்காலம் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, இதைப் பாதியில் வைத்து எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் நீ கேக் எடுத்துக்கொண்டு போவாய், நான் கேட்டுக்கு வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நிற்பேன். இத்தனை வருஷத்தில் நேற்றுத்தான் முதல் தடவையாக உள்ளே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சோதனை செய்யாமல் விட்டது, கண்ணைத் திறந்து பார்த்தது, எழுந்திருக்காமல் உட்கார்ந்தது. அவர் மடக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீ பாத்தது எனக்குத் தெரியும் தம்பி" என்றார். "ஆமென் வாசிக்கிறவ கண்ண மூடிக்கினு இருந்தா எப்பிடி? ஜெபம் பண்ற ஐயர் வாயையே பாத்துக்கினு இருக்கணும். நானும் கண்ணத் தொறந்துக்கினுதான் இருந்தேன். பலூன் எறங்கறதப் பாத்தேன். ஒன்னப் பாத்தேன். கேசப் பத்தித் தெரிஞ்சவன், பாத்துக்கினு சும்மா உக்காந்துக்கினு இருக்கறானே, அப்ப ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சி கையக் கீபோர்டு கட்டையிலயே வெச்சிக்கினு இருந்தேன்."

நான் அவர் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய், சனிக்கிழமை மன்னிப்புக் கேட்க வருகிறாய் என்று சொன்னேன். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது.

"பையன் கிட்ட இன்னுமா சொல்லல? நீ அப்பவே சொல்லியிருப்பேன்னு நெனச்சிக்கினு இருக்கறேனே. வருசா வருசம் கேக்கு எடுத்துக்கினு வர்றானே, எம்மேல இருக்கற பிரியத்துல வர்றான்னு இல்ல நெனச்சேன்."

கிருபா, அவர் கையைக் கெடுத்தேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நேற்று அவருக்கு இருந்த ஒன்றையும் எடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவருக்குப் பிள்ளை இல்லை. நீ வருகிற நாளை அவர் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அந்த வீட்டுக்குள் போனால்தான் தெரியும். நீ ஒன்பது வயதில் கொடுத்த கேக் டப்பாவிலிருந்து எல்லா டப்பாவும் அலமாரியில் அடுக்கி இருக்கிறது.

சனிக்கிழமை போ. மெர்சியையும் அழைத்துக்கொண்டு போ. மன்னிப்பு மட்டும் கேட்காதே, நீ கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு, அவர் போடுகிற காப்பியைக் குடித்துவிட்டு வா. இருபத்து மூன்று வருஷமாக நீ போனது பயத்தால்தானா, நடுவில் எப்போதாவது அது பிரியமாக மாறியதா என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். மாறியிருந்தால் அதை அவரிடம் சொல்லிவிடு. அது ஒன்றை என்னால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது, உன்னால் முடியும்.

உன் வகுப்பில் இனி அந்தக் கதையைச் சொன்னால் சரியாகச் சொல். அந்த முக்கோணத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்கு இடம் இல்லை. தெரிந்தும் எழுந்திருக்காத ஒருவன் முன்வரிசையில் இருந்தான் என்று சொல், என் பெயரையும் சொல்.

கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் இனி உன் இஷ்டம். கூப்பிட்டால், முன்வரிசை எனக்கு வேண்டாம். தூணுக்குப் பின்னால் பழைய இடத்தில், உன் தலை தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொள்கிறேன். உங்கள் இரண்டு பேருக்காகவும் ஜெபம் நடக்கும்போது நான் கண்ணை மூட மாட்டேன்.

உன்
நைனா